நீ ஏற்க மறுத்த பொய்

செவ்வாய்க்கிழமை கூரைத் தகடு மாற்ற இரண்டு பேர் வந்திருந்தார்கள். போன மழைக்கு ஒழுகி அறைச் சுவர் முழுக்க ஊறிப்போயிருந்தது. அலுமாரியை நகர்த்தினால்தான் ஏணி வைக்கலாம் என்றார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளியபோது பின்னாலிருந்து ஏதோ உருண்டு வந்து காலில் முட்டியது. பார்த்தால் உன் தைலப் போத்தல். பாதிக்கு மேல் இருந்தது. நான்தான் எங்கேயோ வைத்துத் தொலைத்துவிட்டேன் என்று ஒரு கிழமை முழுக்க முணுமுணுத்தாயே, அதே போத்தல்.

மூடியைத் திருகினேன். உன் நெற்றி வாசம் அப்படியே எழும்பி வந்தது. வேலைக்கு வந்தவர்களில் ஒருவர் ஏணியில் நின்றபடி கேட்டார்:

"என்னா ஐயா, தைல வாசம் வருது? வீட்டுல யாருக்கும் சொகமில்லையா?"

"வீட்டுல யாரும் இல்ல தம்பி. நான் மட்டுந்தான்."

நான் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் போய் உட்கார்ந்தேன். நீ போய் நாலு வருஷம். இன்னும் ஒரு ஆளுக்கு அளவாகச் சோறு வைக்க எனக்கு வரவில்லை. பேச்சு அப்படியில்லை, அது குறைந்துவிட்டது. சில நாளில் கடைக்காரரிடம் பாண் கேட்கும்போதுதான் அன்றைக்கு என் குரலை நானே முதல் தடவையாகக் கேட்கிறேன்.

உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டு கிழமையாக மனதில் வைத்துக்கொண்டு திரிகிறேன். வேறு யாரிடமாவது சொன்னால் முதலில் இருந்து எல்லாம் விளக்க வேண்டும். உனக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் நான் முதலில் இருந்தே வருகிறேன். எனக்கு அப்படி வந்தால்தான் எழுத முடிகிறது.

நம் மகள் செல்வி காய்ச்சலில் கிடந்த அந்த மூன்று நாளும் நான் கதிர்காமத்தானைத்தான் கூப்பிட்டேன். மொட்டை போடுகிறேன், காவடி எடுக்கிறேன், ஆயுசு முழுக்க நடந்தே வருகிறேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று நேர்ந்துகொண்டேன். ஏழு வயது. நாலாம் நாள் காலையில் அவள் இல்லை. மஹய்யாவ மயானத்தில் குழிக்குள் இறங்கி அவளைக் கையில் வாங்கிக் கிடத்தியது நான். அந்தப் பாரம் இன்னும் என் முழங்கையில் இருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாமிப் படங்களைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்தேன். எனக்கும் அந்தப் பக்கத்துக்கும் இனிப் பேச்சுவார்த்தை இல்லை என்று முடிவு செய்தேன்.

நீ என்னோடுகூடப் பேசவில்லை. ஏறக்குறைய ஒரு வருஷம் தலை சீவாமல், அடுப்பு மூட்டாமல், அவளுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாய். நான் நகரசபையில் தண்ணீர் திறக்கும் வேலைக்கு விடிய முன்னம் போய், வரும்போது கடையில் இடியாப்பம் வாங்கி வருவேன். பக்கத்துவீட்டுத் தையல்காரம்மா வந்து உனக்கு ஊட்டிவிடுவார். அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கையைப் பிடித்துத் தங்கள் கிறிஸ்தவ சபைக்குக் கூட்டிப் போனார். சபை என்றாலும் அது ஒரு வீட்டு முன்னறைதான், இருபது கதிரை போட்டிருப்பார்கள்.

அன்று மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது கருவாட்டுக் குழம்பு வாசம் அடித்தது. வீடு மாறி வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். நீ தலை சீவி, பொட்டில்லாமல், அடுப்படியில் நின்றிருந்தாய்.

"என்னா சமையல் எல்லாம் நடக்குது?" என்றேன்.

"ஒக்காருங்க, சாப்பிட்டுக்கிட்டே சொல்றேன்." ஒரு வருஷத்துக்குப் பிறகு நீ பேசிய முதல் பேச்சு. சோற்றைப் போட்டுவிட்டு மெல்லச் சொன்னாய்: "செல்வி உசுரோடதான் இருக்காளாம்."

நான் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தேன்.

"யாரு சொன்னா?"

"ஆண்டவரு சொல்லியிருக்காராம். சின்னப் புள்ளைங்க அவருகிட்டத்தான் இருக்குங்களாம். நம்புறவங்களுக்குச் சாவோட முடியுறதில்லையாம். நாம அவளப் பாப்போமாம்."

"நான் அவள குழியில வச்சேன். இந்தக் கையால. நீ வந்து பாக்கல. செத்தவ செத்தவதான். எவனோ பேச்சக் கேட்டு எம் புள்ளைய வச்சுக் கத கட்டாத" என்று எழும்பிப் போய்விட்டேன். இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. ஒரு வருஷமாக நீ சமைக்க வேண்டும் என்று ஏங்கியவன், நீ சமைத்த முதல் சோற்றைத் தட்டோடு வைத்துவிட்டுப் போனேன். நீ அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. அதனாலேயே எனக்கு மறக்கவில்லை.

நீ மாறிக்கொண்டே போனாய். அழுகை நிற்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். செல்வியின் பிறந்தநாளுக்கு அழுவாய், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அழுவாய். ஆனால் அழுது முடிந்ததும் எழும்பி வேலையைப் பார்ப்பாய். அந்த எழும்புதல் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. பொறாமையாகக்கூட இருந்தது. அதனால்தான் உன்னைச் சீண்டிக்கொண்டே இருந்தேன்.

"அப்ப இந்த நித்திய ஜீவன் எப்பக் கெடைக்கும்? செத்ததுக்கு அப்புறமா?"

"அப்புறம் இல்லீங்க. நம்புன அன்னிக்கே தொடங்கிருச்சு. சாவு நடுவுல வரும், அவ்வளவுதான்."

"அதுக்கு நீ என்னா செய்யணும்? எத்தன நாளு விரதம்? என்னா நேர்த்தி?"

"ஒன்னும் இல்ல. சும்மா குடுக்கிறாரு."

"சும்மா யாரு குடுப்பா?" என்று சிரித்தேன். நான் கொடுக்க என்னவெல்லாமோ தயாராக நின்றும் கிடைக்காதவன் அல்லவா.

நீ சட்டி கழுவிக்கொண்டிருந்தாய். குழாயைக் காட்டினாய். "இந்தத் தண்ணிக்கு நான் என்னா செஞ்சேன்? வாளிய வச்சேன், வந்துச்சு. வாளி வைக்கிறதுதான் நம்புறது."

"வாளி வச்சா வந்துருமா? நான் விடியக்கால எந்திரிச்சுப் போயி அங்க வால்வத் தொறந்தாத்தான் இங்க வரும்."

நீ சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாய், செல்வி போன பிறகு நான் பார்த்த முதல் முழுச் சிரிப்பு. "அதத்தானே நானும் சொல்றேன். யாரோ ஒருத்தரு போயித் தொறந்துட்டாருன்னு."

தண்ணீர்ப் பகுதியில் முப்பத்தோரு வருஷம் வேலை செய்தவன். அதற்குப் பிறகு வால்வைத் திருகும் ஒவ்வொரு விடியலிலும் உன் அந்தப் பேச்சு கூடவே வந்து நின்றது.

நீ ஞானஸ்நானம் எடுத்த நாளை நான் உன்னிடம் ஒருபோதும் பேசியதில்லை. சபையார் வேறு இடம் பார்த்திருந்தார்கள். நீதான் தெல்தெனியாவில் எடுக்க வேண்டும் என்று கேட்டாயாம். நீ பிறந்த வீடும், உன் அப்பா சாமான் கடை வைத்திருந்த தெருவும் அணை கட்டியபோது தண்ணீருக்குள் போய் அப்போது அதிக காலமில்லை. வரமாட்டேன் என்று சொல்லியிருந்த நான் கடைசி நிமிடத்தில் பஸ்ஸில் ஏறினேன். கரையில் உன் மாற்றுச் சேலையையும் துவாயையும் பிடித்துக்கொண்டு நின்றேன். போதகர் உன்னைப் பின்பக்கமாகச் சாய்த்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் உன் முகம் தண்ணீரில் மறைந்தது. இவளும் போய்விட்டாள் என்றே நினைத்தேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டு எழும்பினாய். கரைக்கு வந்து துவாயை வாங்கும்போது பல் கிடுகிடுக்கச் சொன்னாய்:

"எங்க ஊரு முழுகுன தண்ணி. அதுலேயே நானும் முழுகி எந்திரிச்சுட்டேன் பாருங்க."

நான் "தலையத் தொவட்டு, சளி புடிக்கும்" என்றேன். அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது.

அன்றிலிருந்து நம் வீட்டுக்குள் ஒரு அறை எனக்கு அடைபட்டுவிட்டது. நீ அடைக்கவில்லை, கதவைத் திறந்தேதான் வைத்திருந்தாய். நான்தான் உள்ளே வரத் தெரியாமல் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன பிறகு வீடு எவ்வளவு பெரிதாக இருக்கும் தெரியுமா? திரும்பி வரும்போது உன் முகத்தில் இருக்கும் வெளிச்சத்தில் எனக்குப் பங்கில்லை. விடியலில் நீ ஜெபம் பண்ணும்போது நான் தூங்குகிற மாதிரிக் கிடப்பேன். செல்வியின் பெயர் வரும்போது உன் குரல் சாந்தமாக இருக்கும். என் பெயர் வரும்போதுதான் உடையும். ஜெபத்தில் செத்துப்போன பிள்ளைக்காக அழாதவள், உயிரோடு பக்கத்தில் கிடக்கிறவனுக்காக அழுகிறாளே என்று நினைத்துக்கொள்வேன். எழும்பி உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கலாம். நம்பிக்கை இல்லாவிட்டாலும் உட்கார்ந்திருக்கலாம். முப்பது வருஷத்தில் ஒருநாளாவது செய்திருக்கலாம்.

வயிற்றுக் கட்டி என்று தெரிந்தபோது நீ என்னைத்தான் தேற்றினாய். பெரியாஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் மத்தியானம். சோற்றுப் பார்சலோடு வருவேன். நீ இரண்டு பிடி தின்பாய். கடைசிக் கிழமையில் ஒருநாள் போதகர் வந்து ஜெபித்துவிட்டு வெளியே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவங்களுக்குச் சாவப் பத்திப் பயம் இல்லீங்க. ஒங்கள நெனச்சுத்தான் கலங்குறாங்க" என்றார். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. முடிவு நானே எடுத்தது.

நான் உள்ளே வந்து உன் கட்டிலருகே உட்கார்ந்தேன். உன் கை சுள்ளி மாதிரி இருந்தது. சொன்னேன்:

"கேளு. நானும் நம்புறேன். நெசமாத்தான். ஒங்க ஆண்டவர நம்புறேன். நீ நிம்மதியாப் போ, நான் பின்னால வந்துருவேன்."

உன் முகம் மலரும் என்று நினைத்தேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நாற்பத்தைந்து வருஷம் என்னைப் பார்த்த கண் அல்லவா.

"பொய் சொல்றீங்க" என்றாய். கோபமில்லை. களைப்பாகச் சொன்னாய்.

"இல்ல..."

"எனக்காகச் சொல்லாதீங்க. ஒங்களுக்குப் பொய் சொல்ல வராது. இத வாங்கிக்கிட்டு நான் போகமாட்டேன்." மூச்சு வாங்கியது. என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "ஒரு நாளு ஒங்களுக்கே வந்தா, அப்பச் சொல்லுங்க. நான் கேக்க இருக்கமாட்டேன். அவரு கேப்பாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உனக்குக் கடைசியாகக் கொடுக்கலாம் என்று கொண்டுவந்ததையும் நீ வாங்கவில்லை. அந்த நேரத்தில் உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போது சொல்கிறேன், மன்னித்துக்கொள். இரண்டு நாள் கழித்து ஒரு காலையில், நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது நீ போய்விட்டாய்.

மாத்தளையிலிருந்து என் அண்ணன் வந்தார். உன்னை நம் முறைப்படி எரிக்க வேண்டும் என்றார். "நம்ம வீட்டுப் பொம்பளய வேதக்காரங்க கையில குடுத்துட்டு நீ பாத்துக்கிட்டு நிப்பியா?" என்று முற்றத்தில் நின்று சத்தம் போட்டார்.

"அவ கேட்டது மண்ணு அண்ணே. அவளுக்கு நான் குடுக்க முடிஞ்சது இப்ப இது ஒன்னுதான்" என்றேன். அவர் முற்றத்தோடு திரும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு எனக்குச் சொல்லி அனுப்புவதில்லை.

உன்னைப் புதைக்கும்போது சபையார் பாடினார்கள். அழுதுகொண்டே பாடினார்கள், ஆனால் பாடினார்கள். நீ உறங்குகிறாய், எழும்புவாய் என்றார் போதகர். அவர்கள் எல்லோரும் உன்னை வழியனுப்ப வந்திருந்தார்கள். உன்னை இழக்க வந்தவன் நான் ஒருவன்தான். செல்வி கிடக்கும் இடத்துக்கும் உன் இடத்துக்கும் நடுவில் ஒரு நடைபாதை ஓடுகிறது. ஒரு கையால் அவளையும் மறு கையால் உன்னையும் தொட முடியாத தூரம். நான் அளந்து பார்த்தேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை எழுதப் போவதில்லை. எழுதுவதற்கு அதில் ஒன்றும் நடக்கவில்லை.

நீ வெள்ளிக்கிழமைதோறும் மேட்டுத் தெருவில் ஒரு மிஸ்ஸி வீட்டுக்கு வேதம் வாசிக்கப் போவாயே, அந்த யாழ்ப்பாணத்து அம்மா, ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து பென்சன் எடுத்தவர், சீனி வருத்தத்தில் பார்வை போனவர். போன வருஷம் அவருடைய மருமகள் வந்து கதவைத் தட்டினாள். "மாமிக்கு வாசிக்க ஆள் இல்லை ஐயா. நான் வேலைக்குப் போயிடுவன். நீங்கள் வருவியளோ என்று கேட்கச் சொன்னவ" என்றாள்.

நான் போனது உனக்காகக்கூட இல்லை. யாரோ ஒருவர் என்னைக் கேட்டு ஆளனுப்பியிருந்தார், அதற்காகப் போனேன். முதல் நாளே மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

"மிஸ்ஸி, நான் சபக்காரன் இல்ல. இதுல எனக்கு நம்பிக்கையும் இல்ல. வாசிக்க மட்டுந்தான் தெரியும்."

அவர் கதிரையில் சாய்ந்தபடி சிரித்தார். "அது பரவாயில்லை. நீங்கள் வாசியுங்கோ. நம்புறதை நான் பார்த்துக்கொள்ளுறன்."

அவருக்குப் பிடித்த பகுதி ஒன்று உனக்குத் தெரிந்திருக்கும். தம்பி இறந்து நாலு நாளான பிறகு வந்து சேரும் ஆண்டவரிடம், நீங்கள் முன்னமே வந்திருந்தால் அவன் செத்திருக்கமாட்டானே என்று அக்கா சொல்லும் இடம். முதல் தடவை வாசித்தபோது விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று நான் சொல்ல நினைத்ததை அந்தப் பெண் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். அதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். அவர் அவளைக் கோபிக்கவில்லை. தன்னை நம்புகிறவன் செத்தாலும் பிழைப்பான் என்று சொல்லிவிட்டு, நீ இதை நம்புகிறாயா என்று கேட்கிறார். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் மிஸ்ஸி முந்திக்கொண்டு "ஓம் ஆண்டவரே" என்று ஆமோதிப்பார். நான் தப்பித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போவேன். ஒரு வருஷம் அப்படித்தான் போனது. கல்லறைக்குப் போகும் வழியில் ஆண்டவரும் அழுதார் என்ற வரியை மட்டும் சில நாள் இரண்டு தடவை வாசித்தேன். எழுப்பப் போகிறவர் எதற்கு அழ வேண்டும்? செல்வி இருக்கிறாள் என்று நம்பிய நீயும் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அழுதாயே. அது நம்பிக்கை குறைவு என்று எண்ணி உன்னைக் குத்திக்காட்டியிருக்கிறேன். அது அப்படியில்லை என்று எனக்கு விளங்க இவ்வளவு காலம் எடுத்தது.

இரண்டு கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை பின்னேரம் நல்ல மழை. நான் வாசித்துக்கொண்டே வந்து அந்தக் கேள்வியில் நிறுத்தினேன். மிஸ்ஸி பதில் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். வாய் லேசாகத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. கேள்வி கேட்டபடியே நின்றது. எனக்கு முன்னால் அதை வாங்கிக்கொள்ள அன்றைக்கு ஒருவரும் இல்லை.

அடுத்த வரிக்குப் போயிருக்கலாம். போக முடியவில்லை. கடைசியில் மெதுவாக, மிஸ்ஸி எழும்பிவிடக் கூடாது என்று மெதுவாகச் சொன்னேன்:

"முழுசா இல்ல. ஆனா ஆமா. குடுக்கிறதுக்கு எங்கிட்ட ஒன்னும் இல்ல. இந்தக் கொஞ்சத்த வச்சுக்குங்க."

மழைதான் பெய்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. வெளிச்சம் வரவில்லை, குரல் கேட்கவில்லை. மிஸ்ஸி கண்ணைத் திறக்காமலே, "ஏன் நிப்பாட்டிட்டியள்? வாசியுங்கோ" என்றார். நிறுத்திய இடத்திலிருந்து, கல்லறைக் கல்லை எடுத்துப் போடுங்கள் என்று ஆண்டவர் சொல்கிற இடம் வரை தொடர்ந்து வாசித்தேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியது இதுதான். இது நீ வைத்திருந்த மாதிரி நம்பிக்கையில்லை. காலையில் இருக்கிறது, பின்னேரம் தேடினால் காணவில்லை. தனிமையும் போய்விடவில்லை. இன்றைக்கும் சோறு மிஞ்சிவிட்டது. உன்னைப் பார்ப்பேன் என்று சத்தமாகச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. ஆனால் நேற்று மயானத்துக்குப் போய் உனக்கும் செல்விக்கும் நடுவிலுள்ள அந்த நடைபாதையில் நின்றபோது, இரண்டு பேரையும் அங்கே விட்டுவிட்டுத் திரும்புகிறேன் என்று தோன்றவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

ஆஸ்பத்திரியில் நான் சொன்னதை வாங்காமல் விட்டாய். நல்லது. அதை வாங்கியிருந்தால் இந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இடமே இருந்திருக்காது. அது கொஞ்சம்தான், ஆனால் என்னுடையது. யாரிடம் சொல்லச் சொன்னாயோ அவரிடமே சொல்லிவிட்டேன். அவர் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.